நம்பி ஒப்புவித்த எண்

சென்ற வருஷம் ஷஃபான் மாதத்தில் நம் கடையில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம். சிறு சம்பவம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோமே தவிர, சம்பந்தப்பட்ட அம்மையார் அப்படி நினைக்கவில்லை.

நம்முடையது மளிகைக் கடை. தகப்பனார் காலத்திலிருந்து பற்று நோட்டு வைத்துத்தான் வியாபாரம். கடனுக்குச் சாமான் வாங்குகிறவருடைய பெயர், அவர் குடியிருக்கும் புளோக், அதற்கடுத்து அடையாளக் கார்டின் எண் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவது அத்தாவின் வழக்கம். ஐ.சி. நம்பர் எதற்கு என்று நாமும் அவரைக் கேட்டதில்லை, கொடுத்தவர்களும் கேட்டதில்லை. 2019ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, சட்டம் கட்டாயப்படுத்தினாலோ, ஆள் இன்னார்தான் என்று மிக உறுதியாக அறிந்தே தீரவேண்டியிருந்தாலோ ஒழிய, தனியார் ஸ்தாபனங்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது என்று சிங்கப்பூரில் விதி வந்தது. அன்றே நாம் புது நோட்டில் மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டோம். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்துவிட்டதாகத் திருப்தியும் பட்டோம். பழைய நோட்டுகள் மேல் தட்டில் கிடந்தன. அவற்றைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

பொட்டலம் கட்டக் காகிதம் தீர்ந்துபோன ஒரு மாலையில், கடைப் பையன் மேல் தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கிழித்துக் கொத்துமல்லியும் வற்றல் மிளகாயும் கட்டிக் கொடுத்திருக்கிறான். பையனைக் குறை சொல்ல இடமில்லை. குப்பை போலக் கிடந்ததைக் குப்பை என்று நினைத்தான். இரண்டு நாள் கழித்து, நம்மிடம் முப்பது வருஷமாகச் சாமான் வாங்கும் ஒரு மாமி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வீட்டுக்காரர் வாங்கிப்போன பொட்டலக் காகிதம் அவர் கையில் இருந்தது. பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

"தம்பி, இது என் நம்பர்தானே?" என்றார். "ஆமாம் மாமி" என்றோம். "உங்க அத்தா கேட்டாருன்னு கொடுத்தேன். ஊருக்கெல்லாம் கொடுக்கவா கொடுத்தேன்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். அத்தாவின் கையெழுத்து. பதினெட்டுப் பெயர்கள், பதினெட்டு எண்கள். அதுபோல எத்தனை தாள் போயிற்று என்று பையனைக் கேட்டதற்கு, ஏழோ எட்டோ என்றான். அவை யார் வீட்டு அடுப்பங்கரைக்குப் போயின, அங்கிருந்து எந்தக் குப்பைத் தொட்டிக்குப் போயின என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அன்றிரவு பக்கத்து ஜவுளிக்கடை அண்ணனிடம் சொன்னோம். அவர் அனுபவஸ்தர். "மாமிக்கு ஏதாவது நஷ்டம் வந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "பிறகென்ன? நடக்காத ஒன்றுக்காக ஏன் வருத்தப்படுகிறாய்? மன்னிப்புக் கேட்டாயிற்று, விடு" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு நம்மை விடவில்லை. நஷ்டம் வராவிட்டால் தவறு இல்லையா? இந்தக் கேள்வியை நேயர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை. நாம் படித்தது மதரஸாவும் ஆறு வகுப்பும்தான்; பெரிய சாஸ்திரங்களை எடுத்துப் பேச நமக்கு யோக்கியதை இல்லை. கடையில் உட்கார்ந்து யோசித்ததைத்தான் எழுதுகிறோம்.

ஹஜ்ஜுக்குப் போகும் ஒருவர் தம் வீட்டுப் பெண்களின் வளையல்களை நம்மிடம் அமானிதமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாம் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் இரவு முழுதும் மேஜைமேல் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். விடிந்து பார்த்தால் வளையல் அப்படியே இருக்கிறது. அமானிதத்தைக் காத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாமா? அந்த இரவு கள்ளன் வராமல் இருந்தான், அவ்வளவுதான். கள்ளன் வராததற்கு நாம் கூலி கேட்கக்கூடாதல்லவா? ஜவுளிக்கடை அண்ணனிடம் இப்படிக் கேட்டபோது, "வளையலும் நம்பரும் ஒன்றாகுமா?" என்றார். ஒன்றாகாதுதான். ஆனால் அந்த வித்தியாசம் நமக்குச் சாதகமாக இல்லை. வளையல் திருடுபோனால் பெட்டி காலியாக இருக்கும். உடையவர் வந்து பார்த்ததும் தெரிந்துவிடும். எண் திருடுபோனாலோ அது உடையவரிடமே இருக்கும். கார்டும் பர்ஸிலேயே இருக்கும். போனது எப்போது தெரியும்? வேறொருவன் அதைப் பயன்படுத்திய பிறகுதான் தெரியும், அதுவும் தெரிந்தால்தான். ஆகையால் எண்ணைக் கொடுத்தவரால் நம்மைச் சோதித்துப் பார்க்கவே முடியாது. தராசுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க முடியாத வாடிக்கைக்காரரைப் போல அவர் நம் மனச்சாட்சி ஒன்றையே நம்பி இருக்கிறார்.

இந்த யோசனையிலேயே இருந்த நாட்களில், அமெரிக்க சர்க்கார் தன் நாட்டு முதியோருக்குக் கொடுக்கும் வைத்திய இன்ஷூரன்ஸ் கார்டின் கதையைப் படிக்க நேர்ந்தது. கடலுக்கு அப்பால் நடந்தது நமக்கெதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். நம் மேல் தட்டு நோட்டின் கதையேதான் அது. கடை மட்டும் பெரிது.

அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலைசெய்பவர் வாழ்நாளில் எவ்வளவு சம்பாதித்தார் என்று கணக்கு வைத்து, வயதான காலத்தில் பென்ஷன் கொடுப்பதற்காக, 1936இன் கடைசியிலிருந்து ஆளுக்கொரு 9 இலக்க எண் கொடுத்தார்கள். அடையாளத்துக்கு அல்ல என்று அந்தக் கார்டிலேயே பல வருஷம் அச்சிட்டும் வந்தார்கள். அச்சிட்டதை யார் படிக்கிறார்கள்? ஆள் ஒருவருக்கு எண் ஒன்று, வாழ்நாள் முழுதும் மாறாதது என்றால், எல்லோருக்கும் அது சௌகரியமாகப் போய்விட்டது. வருமான வரி இலாகா எடுத்துக்கொண்டது, ராணுவம் எடுத்துக்கொண்டது, பாங்குகளும் கல்லூரிகளும் எடுத்துக்கொண்டன. கடன் வாங்க, கணக்குத் திறக்க, வேலைக்குச் சேர எல்லாவற்றுக்கும் அந்த எண் திறவுகோலாயிற்று.

இதில் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு பாடமான வேடிக்கையும் உண்டு. 1938இல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் ஊரில் பணப்பை செய்யும் ஒரு கம்பெனி, புதுக் கார்டு தன் பர்ஸில் எவ்வளவு கச்சிதமாக அடங்குகிறது பாருங்கள் என்று காட்டுவதற்காக, ஒவ்வொரு பர்ஸிலும் ஒரு மாதிரிக் கார்டை வைத்து விற்றது. மாதிரி என்று அதன்மேல் அச்சிட்டும் இருந்தது. ஆனால் அதிலிருந்த எண் கற்பனை எண் அல்ல. கம்பெனி அதிகாரி ஒருவருடைய காரியதரிசி அம்மாளின் சொந்த எண். பர்ஸ் வாங்கியவர்களில் பலர் அதுவே தங்கள் எண் என்று நினைத்துக்கொண்டார்கள். 1943இல் மட்டும் 5,755 பேர் அந்த ஒரே எண்ணைத் தங்களுடையதாக உபயோகித்தார்கள். வருஷங்கள் போகப்போக மொத்தம் 40,000 பேருக்கு மேல் ஆயிற்று. அம்மாளுக்கு வேறு எண் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த அதிகாரி கள்ளன் அல்ல. சரக்கு விற்கவேண்டும் என்ற ஆசையில், பிறர் பொருளைத் தன் பொருள்போல எடுத்து வைத்துவிட்டார்; அது பொருள் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நம் கடைப் பையனுக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை.

பிறகு 1965 ஜூலை 30ஆம் தேதி, முதியோருக்கான வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். மெடிகேர் என்பது அதன் பெயர். முதல் கார்டு முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கொடுக்கப்பட்டது. நல்ல காரியம், 65 வயதுக்கு மேல் நோயும் வறுமையும் சேர்ந்து வந்தால் என்னவாகும் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் கார்டுக்கு எண் போடும்போது, புதிதாக ஒன்று உண்டாக்கும் சிரமம் எதற்கு என்று அந்த 9 இலக்க எண்ணையே அச்சிட்டு, பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். கணவருடைய சம்பாத்தியத்தின் பேரில் உதவி பெறும் மனைவியின் கார்டில் கணவருடைய எண்ணே இருக்கும். எழுத்து மட்டும் மாறும். விதவையின் கார்டில் மௌத்தான கணவருடைய எண் இருக்கும். ஒரு மூதாட்டி பஸ்ஸில் பர்ஸைத் தவறவிட்டால், போவது அவருடைய எண் மட்டுமல்ல என்று ஆயிற்று.

இதில் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். எண் கார்டைக் கொடுத்த இலாகா, அதை வீட்டில் பத்திரமாக வையுங்கள், வெளியே கொண்டுபோகாதீர்கள் என்று ஜனங்களுக்குப் புத்தி சொல்லிவந்தது. மெடிகேர் கார்டோ, வெளியே போகும்போது இதைக் கையோடு வைத்திருங்கள் என்றது. இரண்டு கார்டிலும் இருந்தது ஒரே எண். முதியவர் எதைக் கேட்பார்? மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் கையோடுதான் கொண்டுபோவார். கொண்டுபோய்த் தொலைத்தால், கவனக்குறைவு அவர்மேல் சாட்டப்படும்.

எண்ணைக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று தணிக்கை அலுவலகம் வருஷக்கணக்காகச் சொல்லிற்று. ராணுவ இலாகா தன் கார்டுகளிலிருந்து எடுக்கவும் தொடங்கிவிட்டது. மெடிகேரை நடத்தும் இலாகா மட்டும் செலவைக் காட்டிப் பின்வாங்கியது. 2011இல் அவர்கள் கொடுத்த மதிப்பு 80 கோடி டாலருக்கும் மேல். அந்த மதிப்பீடு நம்பத்தகுந்த முறையில் போட்டதல்ல என்று 2012இல் தணிக்கை அலுவலகம் எழுதிற்று. கடைசியில் 2015 ஏப்ரலில் வந்த சட்டம் 32 கோடி டாலர் ஒதுக்கி, நான்கு வருஷத்துக்குள் எடுத்தே தீரவேண்டும் என்றது. 'கட்டுபடியாகாது' என்பது எந்த வியாபாரியின் வாயிலும் முதலில் வரும் சொல். சர்க்கார் வாயிலும் அதுவே வந்தது. அதற்குள் யார் யார் வீட்டில் எவ்வளவு கட்டுபடியாகாமல் போயிற்றோ, அந்தச் செலவு இலாகாவின் பேரேட்டில் ஏறாது.

2018 ஏப்ரல் தொடங்கி 2019 ஜனவரிக்குள் சுமார் 6 கோடிப் பேருக்குப் புதுக் கார்டு தபாலில் போயிற்று. புது எண்ணில் 11 இடங்கள். எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். பூஜ்யமோ ஓ என்ற எழுத்தோ என்று கண் மங்கியவர் குழம்பக்கூடாது என்று, இலக்கம்போலத் தோன்றும் எழுத்துக்களை விலக்கிவிட்டார்கள். அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. பிறந்த தேதி இல்லை, ஊர் இல்லை, சம்பளக் கணக்கு இல்லை. பழைய கார்டில் ஆணா பெண்ணா என்றும் போட்டிருக்கும், கையெழுத்துக்கும் இடம் இருக்கும், அவற்றையும் எடுத்துவிட்டார்கள். 2019 டிசம்பர் 31 வரை பழைய எண்ணும் செல்லும் என்று தவணை கொடுத்தார்கள்.

கள்ளர் அதையும் விடவில்லை. புதுக் கார்டு வேண்டுமானால் பணம் கட்டு, எண்ணைச் சொல்லு என்று முதியோருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். கார்டு இலவசம், நாங்கள் கேளாமலே கூப்பிட்டு எண்ணைக் கேட்கமாட்டோம் என்று இலாகா அறிவிக்க வேண்டியிருந்தது. 2023இல் அந்த இலாகாவுக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் தகவல் களவு நேர்ந்து, 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னார்கள். புது எண்ணும் காவல் இல்லாவிட்டால் போகத்தான் செய்யும். ஆனால் இந்தத் தடவை, கார்டு எண் வெளியான ஆட்களுக்கு வேறு எண் போட்ட புதுக் கார்டு அனுப்ப முடிந்தது. நம் வீட்டுப் பூட்டின் சாவி போனால் பூட்டை மாற்றுகிறோம். மாற்றவே முடியாத பூட்டை ஒருவர் வாசலில் போட்டுவிட்டு, அதன் சாவியைப் போகுமிடமெல்லாம் காட்டச் சொல்வது எப்பேர்ப்பட்ட அநியாயம் என்று அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். இங்கே வைத்திய இன்ஷூரன்ஸுக்கென்று தனி எண் கிடையாது. 2015 நவம்பரிலிருந்து சிங்கப்பூர்ப் பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் எல்லோரும் மெடிஷீல்ட் லைஃப் திட்டத்தில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் காட்டுவது அடையாளக் கார்டுதான். மலேசியாவில் 2001இல் வந்த மைகார்டின் 12 இலக்கங்களைப் பார்த்தாலே, பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்று படித்துவிடலாம். ஆகவே மாமியின் எண் நம் பொட்டலத்தில் போனதும், அமெரிக்க மூதாட்டியின் கார்டு பஸ்ஸில் போனதும் ஒரே ஜாதி விஷயம். 2018இல் சிங்கப்பூரில் சிங்ஹெல்த் ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள எண்களைக் களவாடியபோது, அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் போயிற்று.

இதற்கு எதிர்த்தரப்பு ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நாணயமாகாது. 2024 டிசம்பரில், கம்பெனிகளைப் பதிவுசெய்யும் இலாகாவின் புதிய இணையவாசலில் பெயரைப் போட்டுத் தேடினால், முழு அடையாள எண்ணும் தெரியும்படி சில நாட்கள் இருந்தது. பதிவுபெற்ற வியாபாரிகளான நம்மவர்களுக்குப் பெரிய கலவரம். அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கூடவே ஒரு விளக்கமும் சொன்னார்கள்: அடையாள எண் என்பது பெயரைப்போல ஓர் ஆளைக் குறிப்பது, அதை இரகசியம் என்று நினைப்பதும், இரகசியச் சொல்லாக வைத்துக்கொள்வதும்தான் ஆபத்து. 2025இல், எண்ணைக் கொண்டு ஆளை நம்புவதை நிறுத்துங்கள் என்று ஸ்தாபனங்களுக்கு ஆலோசனையும் சொன்னார்கள்.

இந்த வாதம் சரியானதே. பெயரை யாரும் ஒளிக்கிறதில்லை. 'நான்தான் அப்துல் காதர்' என்று சொன்ன மாத்திரத்தில் யாரும் அப்துல் காதரின் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவதுமில்லை. எண்ணையும் அப்படியே நடத்தினால் பயமில்லை. ஆனால் உலகம் இன்னும் அங்கே வந்து சேரவில்லையே. போலீஸ் என்றும் பாங்கு என்றும் சொல்லித் தொலைபேசியில் ஏமாற்றுகிறவன், முதலில் நம் பெயரையும் எண்ணையும் பிழையில்லாமல் சொல்லித்தான் கிழவியை நம்பவைக்கிறான். எண் தெரிந்தவன் உத்தியோகஸ்தனாகத்தான் இருப்பான் என்று அவர் நினைக்கிறார். அப்படி நினைக்கும் கடைசி மனிதர் உள்ளவரை, எண்ணைச் சிந்துகிறவன், 'அது வெறும் பெயர்தானே' என்று தப்பித்துக்கொள்ள முடியாது என்பது நம் அபிப்பிராயம்.

ஜவுளிக்கடை அண்ணன் இன்னொன்றும் கேட்டார்: "மாமி தானே வாயால் சொன்னார்? யாரும் பிடுங்கவில்லையே!" பிடுங்கவில்லை. ஆனால் அன்று வீட்டில் அரிசி இல்லாததால் கடன் கேட்டார்; கடன் வேண்டுமென்றால் எண்ணைக் கொடு என்றோம். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் மூச்சு வாங்க நிற்கிறவரும் அப்படியே. எதற்குக் கேட்கிறீர்கள், எங்கே எழுதி வைப்பீர்கள், எத்தனை வருஷம் வைப்பீர்கள் என்று பேரம் பேசவா அவருக்குத் திராணி? நம்பிக்கை இருந்து கொடுப்பது வேறு, வேறு வழியில்லாமல் கொடுப்பது வேறு. ஹஜ்ஜுக்குப் போனவர் நம்மைத் தேடி வந்து வளையலைக் கொடுத்தார். வேறொருவரிடம் கொடுக்கவும் அவரால் முடியும். தேவைப்பட்டவரிடம் நாமே கேட்டு வாங்கியதற்கு நம் பொறுப்பு அதைவிடக் கூடுதல். அதிலும், வேண்டாததைக் கேட்டு வாங்கியிருந்தால் என்ன சொல்வது? கணக்கைப் புரட்டிப் பார்த்தோம். இத்தனை வருஷத்தில் ஐ.சி. நம்பரை வைத்து நாம் வசூல்செய்த கடன் ஒன்றுகூட இல்லை. கொடுக்கிற மனம் உள்ளவர் கொடுத்தார்; இல்லாதவரைத் தேடிப்போனது புளோக் நம்பரை வைத்துத்தான். அப்படியானால் அந்த மூன்றாவது கட்டம் எதற்கு இருந்தது? அத்தாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1948இல் அவசரகாலச் சட்டத்தில் அடையாளக் கார்டு வந்த நாளிலிருந்து, கார்டைக் காட்டு என்று எல்லோரும் எல்லோரையும் கேட்ட காலத்தில் வளர்ந்தவர் அவர்.

சட்டத்துக்காகப் புது நோட்டில் கட்டத்தை எடுத்தோம் என்று மேலே எழுதினோமல்லவா? சட்டம் வராதிருந்தால் எடுத்திருப்போமா என்று நம்மையே கேட்டுக்கொண்டபோது வெட்கமாக இருந்தது. எடுத்திருக்கமாட்டோம்.

பழைய நோட்டுகளை ஒரேயடியாக எரித்துவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அப்படியும் செய்ய முடியவில்லை. அவற்றில் இன்னும் தீராத பற்றுகள் இருக்கின்றன. மௌத்தாகிவிட்ட சிலருடைய கடனும் இருக்கிறது, அவர்களுடைய பிள்ளைகள் எப்போதாவது வந்து, எங்கள் வாப்பாவின் கணக்கில் பாக்கி உண்டா என்று கேட்கிறார்கள். கணக்கைக் காட்டவேண்டியதும் ஒரு கடமைதானே. ஆகையால் இரவில் கடை அடைத்தபின், கறுப்பு மைப் பேனாவை வைத்துக்கொண்டு மூன்றாவது கட்டத்தை மட்டும் வரிவரியாக அழித்துக்கொண்டு வருகிறோம். மை மறுபக்கம் ஊறி வேறொருவருடைய பற்றைக் கெடுத்துவிடாமல் பார்த்துச் செய்யவேண்டியிருப்பதால், ஒரு நோட்டுக்கு மூன்று நாலு இரவு பிடிக்கிறது. மொத்தம் பதினாலு நோட்டு. மாமியின் பெயர் நாலு நோட்டுகளில் வந்தது. போன வாரம் அவர் கடைக்கு வந்தபோது அந்த நாலையும் காட்டினோம். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, "அந்த ஏழெட்டுத் தாள் கிடைச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். இன்னும் ஐந்து நோட்டு பாக்கி இருக்கிறது.